றெஸ்பொன்சிபிள் ஏரம்பு

பரந்தனுக்குக் கிழக்கே இருந்த எங்கள் குடியேற்றத்தில் ஏரம்பு என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்திரண்டாம் ஆண்டில் மனைவி கமலாசனியோடு புலோலியில் இருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். நல்ல உழைப்பாளி. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஊரில் எவருக்கும் எதுவும் இருக்கவில்லை, ஒரு மாரியில் நீர்ப்பாசனத் துரையின் ஜீப் சேற்றில் புதையும்வரை.

ஏரம்பு தன் எருமைச் சோடியைக் கொண்டுவந்து பூட்டி ஜீப்பை இழுத்துவிட்டார். துரை அவர் தோளில் தட்டி, "யூ ஆர் எ றெஸ்பொன்சிபிள் மேன்" என்றார். தோளில் தட்டியபடியால் அது வசவு இல்லை என்பது மட்டும் ஏரம்புவுக்கு விளங்கியது. சொல் மறந்து போகாமல் இருக்க அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே தபாற்கந்தோருக்கு நடந்தார். அங்கே இருந்த கிளாக்கர் யோகலிங்கம்தான் எங்கள் பகுதியில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள். அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

"கிளாக்கர், றெஸ்பொன்சிபிள் எண்டா என்ன?"

யோகலிங்கம் முத்திரை குத்துவதை நிறுத்தாமலே, "நம்பிக்கையான, மதிப்பான ஆள் எண்டு கருத்து" என்றார்.

"வேறை கருத்து ஒண்டும் இல்லையோ?"

"ஏன் அண்ணை, உங்களுக்கு இது காணாதோ?"

காணும், இதுவே போதும் என்றுதான் ஏரம்புவுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குசினி வாசலில் நின்று, "இஞ்சை பாரும், நான் றெஸ்பொன்சிபிளாம். துரையே சொல்லிப்போட்டார்" என்றார். கமலாசனி அடுப்பை ஊதிக்கொண்டே, "அதுக்கு மருந்து எடுக்கேலாதோ?" என்று கேட்டாள்.

ஆனால் ஊர் அந்தச் சொல்லை மரியாதையாக எடுத்துக்கொண்டது. ஏரம்பு அதைத் தாராளமாகப் புழங்கினார். அவருடைய இடப்பக்கத்து எருமை றெஸ்பொன்சிபிள், வலத்து எருமை அவ்வளவுக்கு இல்லை. புட்டு றெஸ்பொன்சிபிளாக அவிந்த நாளில் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கலியாணம் பேச வந்தவர்களும், "பெடியன் குடிக்கமாட்டானோ?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பெடியன் றெஸ்பொன்சிபிளோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கமக்காரர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு வந்தபோது, துரை வாயால் பட்டம் வாங்கிய மனிதர் என்று ஏரம்புவையே தெரிவு செய்தார்கள்.

அதில் தோற்றவர் பக்கத்து வயற்காரர் அப்புத்துரை. அவருக்கு மனம் ஆறவில்லை. "என்ரை எருமை அண்டைக்கு மேய்ச்சலுக்குப் போயிருக்காட்டி நானெல்லோ றெஸ்பொன்சிபிள்" என்று தேத்தண்ணிக் கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபதாம் ஆண்டு மாரியில் எங்கள் வாய்க்கால் உடைப்பெடுத்தது. அப்புத்துரைதான் தன் வயலுக்குக் கூடுதலாகத் தண்ணீர் எடுக்க வாய்க்கால் அணையில் களவாக ஒரு வெட்டு வெட்டியிருந்தார். மிச்ச வேலையை மழை பார்த்தது. கீழ் வயல்களில் மண் ஏறிப் பயிரை மூடியது. யார் வேலை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வெட்டாதவர் ஏரம்பு ஒருவர்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு சின்ன வெட்டு வெட்டியிருந்தபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு எங்கள் சங்கக் கொட்டிலுக்குப் புதுத் துரை ஒருவர் வந்தார். தமிழ் தெரியாதவர். மொழிபெயர்க்க வரவேண்டிய யோகலிங்கத்தின் சைக்கிளுக்கு வழியில் காற்றுப் போய்விட்டது. துரை மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பொறுமை இழந்து எழும்பி உரத்துக் கேட்டார்:

"ஹூ இஸ் றெஸ்பொன்சிபிள்?"

இந்த உடைப்புக்குக் காரணமானவன் யார் என்பது அவருடைய கேள்வி. கூட்டத்துக்கு விளங்கியது கடைசிச் சொல் ஒன்றுதான். எல்லாத் தலைகளும் ஏரம்புவின் பக்கம் திரும்பின.

ஏரம்பு சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "ஐ, சேர். வெரி வெரி றெஸ்பொன்சிபிள்."

துரை திகைத்துப் போனார். தனியாகவா, எவ்வளவு காலமாக என்று விசாரித்தார். ஏரம்பு தனக்கு விளங்கிய அளவுக்கு, "போர்ன் டைம், சேர். மை பாதர் ஆல்சோ" என்றார்.

அப்புத்துரைக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழும்பி நெஞ்சில் அடித்து, "நோ சேர்! மீ! மீ றெஸ்பொன்சிபிள்!" என்று கத்தினார். இந்த இரண்டு பேருக்கும் மட்டும்தானா மதிப்பு என்று பின்வரிசை வாங்குப் பலகைகளில் குந்தியிருந்தவர்களும் எழும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கக் கொட்டிலில் குந்தியிருந்தவர் என்று ஒருவரும் இல்லை. துரை ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதினார்.

யோகலிங்கம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துரை சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன வேலை செய்தியள்? வாய்க்காலை உடைச்சது தாங்கள்தான் எண்டு எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறியள்!"

"கிளாக்கர், நீர்தானே மதிப்பான ஆள் எண்டு சொன்னனீர்?" என்று கேட்டார் ஏரம்பு.

"அது ஒரு கருத்து. குற்றத்துக்குக் காரணமான ஆள் எண்டு இன்னொண்டும் இருக்கு."

"அதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு ஆர் வாய்க்காலை உடைச்சது?"

தன்னுடைய சேவையில் இவ்வளவு உண்மை பேசும் சனங்களைக் கண்டதில்லை என்று துரை நெகிழ்ந்து போனாராம். அதனால் வழக்கு இல்லை. எல்லோரும் சம்பளம் இல்லாமல் அணையைக் கட்டவேண்டும் என்பதோடு விட்டுவிட்டார். கடகத்தில் மண் சுமந்தபோது ஒருவரும் ஏரம்புவோடு கதைக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மண் சுமந்த ஒரே ஆள் அவர்தான். கமலாசனி கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பனங்கூடலுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள்.

அணை முடிந்த அன்று பார்க்க வந்த துரை, ஏரம்பு கட்டிய பகுதியில் ஏறி மிதித்துப் பார்த்து, "ஃபெயர்" என்றார்.

இந்த முறை ஏரம்பு சிரிக்கவில்லை, தோளையும் காட்டவில்லை. நேரே தபாற்கந்தோருக்குப் போய், "எல்லாக் கருத்தையும் சொல்லும்" என்று வாங்கில் குந்திவிட்டார்.

யோகலிங்கம் விரல் மடித்தார். "வெள்ளையான எண்டும் வரும். நீதியான எண்டும் வரும். பரவாயில்லை எண்டும் வரும். திருவிழாச் சந்தைக்கும் சொல்லுறவை."

ஏரம்பு தன் கரிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு கருத்து உள்ள சொல்லை ஒரு மனிசனைப் பாத்துச் சொல்லலாமோ, கிளாக்கர்?" என்று கேட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனார்.