டிங் என்று பாடாத பிளேடு

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் மெஷின் ஓட்டியவருக்கு ஓய்வு கிடைத்த பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. பின் அறையில் ஒரு ஸ்க்ரோல் ரம்பம் வாங்கி வைத்தார். தையல் மெஷின் அளவுதான். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நூல் போன்ற பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். மெல்லிய பலகையில் இலையும் கொடியும் வெட்டியெடுக்க அதைவிடத் தோதான கருவி கிடையாது. பொறுமையைச் சோதிக்கவும் கிடையாது.

அந்த அறையில் அவருடைய சட்டம் கறாரானது. மோதிரத்தைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டாமல் மெஷினைத் தொடமாட்டார். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். பிளேடு மாற்ற சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி மேஜைமேல் கண்ணில் படும்படி வைப்பார். விரல் பிளேடுக்குப் பக்கவாட்டில் இருக்கும், ஒருபோதும் நேர் எதிரே போகாது. வெளி விளிம்பை முதலில் அறுத்தால் பிடிக்க இடமிருக்காது என்பதால் உள் ஓட்டைகளை முடித்துவிட்டுத்தான் விளிம்புக்கே வருவார். பத்து விரலும் பத்திரம். அச்சகத்தில் காதடைப்பான் கொடுத்தபோது, மெஷின் என்ன சொல்கிறதென்று கேட்கவேண்டாமா என்று சிரித்து, அதை டிராயரில் போட்டு மூடியவரும் இவர்தான்.

மகள் ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுக்குக் குடிபோகிறாள். வாசல் கதவுக்கு மேலுள்ள சட்டத்தில் வைக்க இலைக்கொடிப் பலகை ஒன்று செய்து தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பொருத்தத் தச்சர் அன்று காலை எட்டு மணிக்கு வருகிறார். மொத்தம் அறுபத்து நான்கு ஓட்டைகள். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பது பாக்கி இருந்தன. பிளேடு இரண்டுதான் மிச்சம்.

மற்ற இருபத்திரண்டும் முறிந்துவிட்டன. ஒவ்வொன்றும் சில நிமிஷம் ஓடி, படக்கென்று இரண்டாகும். முதலில் பலகையின் பசையைத் திட்டினார். அடுத்து, ஏறி இறங்கும் கரண்டை. அதற்கடுத்து பிளேடு செய்த கம்பெனியை, முதலாளியின் பரம்பரை வரைக்கும். கடைக்குப் போய் நின்றபோது, "பிளேடைத் தின்னுறீங்களா சார்?" என்று கேட்ட கடைக்காரர், சரக்கு வர இன்னும் பத்து நாளாகும் என்றார். பிறகு, பிளேடு வாங்கிய முதல் நாள் சொன்னதையே சொன்னார்: "மாட்டினதும் விரலால சுண்டிப் பாருங்க. டிங்குனு பாடணும். மந்தமா கேட்டா இன்னும் முறுக்குங்க."

முதல் நாளிலிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சுண்டுவார், மந்தமாகக் கேட்கும், முறுக்குவார். மறுபடி சுண்டுவார், அதே மந்தம். பிளேடை இழுத்துப் பிடிக்கும் திருகு இனி வராது என்னும்போதுதான் நிறுத்துவார். சொன்னபடி செய்தும் ஒரு காரியம் கெடுகிறதென்றால் மனிதன் யாரைக் கோபித்துக்கொள்வது?

அன்று மாட்டிய பிளேடு ஓட்டையின் பாதியில் முறிந்தது. ஒன்றே மிச்சம். அதை மாட்டி முறுக்கிச் சுண்டியபோது மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த டிங் டிங்க கொஞ்சம் நிறுத்துங்களேன். பல்லு கூசுது."

"எந்த டிங்?"

"இப்ப தட்டினீங்களே. முறுக்க முறுக்க கீச்சுனு மேல ஏறிக்கிட்டே போகுது."

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். சன்னமான சத்தங்கள் அவருக்குக் கேட்பதில்லை என்று மனைவி மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறாள். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார். போன் அடித்தால் அது எங்கேயோ அடிக்கிறது, மற்றவர்கள் பேசினால் அவர்கள் முணுமுணுக்கிறார்கள். உலகம் முழுக்கக் குறை தேடியவர் தன் தலையின் இரண்டு பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அந்தப் பிளேடுகள் எல்லாம் பாடிவிட்டுத்தான் செத்திருக்கின்றன; அது கேட்காமல் இவர்தான் மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்.

ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு மேலே வெறும் சட்டம் இருக்கும்.

"இங்க வந்து உக்காரு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். ஒரு மாஸ்க்கையும் நீட்டினார். திருகை முழுக்கத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுண்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்டி இல்லை என்றாள். ஐந்தாவது தடவை கையைத் தூக்கினாள்.

"போதும். இப்ப பாடுது."

அவருக்கு அது தொளதொளவென்றே தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். முறியவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆறாவது ஓட்டைக்குள் பிளேடின் பல் மழுங்கி, மரம் கருகும் வாடை வந்தது. அழுத்தித் தள்ளத் துடித்த கையை அடக்கினார், விரல் போவது அப்படித்தான். கடைசி மூன்றையும் விளிம்பையும் முடிக்கச் சனிக்கிழமை சாயங்காலமாகிவிட்டது. இரண்டு இலைகளின் ஓரம் கருகிக் கிடந்தது. மகளுக்குத் தெரியாது. அவருக்கு அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் தெரியும்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு டாக்டர்," என்றாள் மனைவி.

"இப்ப அதை எதுக்கு இழுக்கிற?"

"பலகைதான் முடிஞ்சுதுல்ல. அடுத்த ரிப்பேர்."

அவர் பிளக்கைப் பிடுங்கினார், வேலை முடிந்தால் செய்வதுபோலத் திருகைத் தளர்த்தினார், பழக்கத்தில் பிளேடை ஒரு சுண்டு சுண்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள்.

"எனக்கும்தான்," என்றார். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.