சிவப்புக் காரின் பிரேக் சத்தம்

அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். என் கொழுந்தன் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே நான் கவனித்தது அதைத்தான். சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் படுத்திருந்த உடம்பு, பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்விடும் கூரை, இதையெல்லாம் தெரு பார்த்தது. நான் இருக்கைகளை எண்ணினேன். அவர் ஓட்டினால் பக்கத்தில் என் மகள். மகள் ஓட்டினால் பக்கத்தில் அவர். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அதில் இடமில்லை.

கொழுந்தன் பதினெட்டு வருடம் துபாயில் இருந்தவர். மனைவியையும் பையனையும் படிப்பு முடியும்வரை அங்கேயே விட்டுவிட்டு, திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு முன்கூட்டியே வந்துவிட்டார். இந்த ஸ்போர்ட்ஸ் கார் அவருடைய நெடுநாள் ஆசை. சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி வந்தார். என் மகளுக்கு அப்போது இருபது வயது, தஞ்சாவூரில் பொறியியல் படிப்பு. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராகச் சித்தப்பாவிடம் போய்விடுவாள்.

நானும் கார் வைத்திருக்கிறேன். நாற்பது வயதில் பள்ளி மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, சின்ன வெள்ளைக் கார் ஒன்றில் தினமும் கும்பகோணம் போய் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்திவிட்டு வருகிறேன். மகளுக்கு நானே ஓட்டக் கற்றுத்தரலாம் என்று இரண்டு வருடமாக ஆசைப்பட்டேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "நீ பக்கத்துல உட்கார்ந்துகிட்டு இல்லாத பிரேக்கை மிதிப்பேம்மா. உன் காலைப் பார்த்தாலே எனக்குப் பயம் வந்துடும்." அது உண்மைதான், மிதிப்பேன். யார் ஓட்டினாலும் பயணம் முடியும்போது என் வலது கால் வலிக்கும்.

சித்தப்பாவிடம் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் எடுத்தாள். மாலையில் இருவரும் கூரையைத் திறந்துவிட்டு வெயில் தாழும்வரை சுற்றிவிட்டு வருவார்கள். அவள் தலைமுடியெல்லாம் கலைந்து, முகத்தில் தூசியோடு, சிரித்துக்கொண்டே இறங்குவாள். என் காரில் ஏறினால் அவள் முகம் போனில்தான் இருக்கும். அந்தச் சிரிப்பை நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

தை பிறந்ததும் அந்தக் காருக்கு ஓய்வே இல்லாமல் போனது; மகளுக்கும் செமஸ்டர் விடுமுறை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை, மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் ஊர்வலமாக அழைத்து வருவார்கள். கூரையில்லாத சிவப்புக் கார் ஊரில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த மாப்பிள்ளை சாதாரணக் காரில் ஏறுவான்? குடவாசல், திருத்துறைப்பூண்டி என்று தூரத்துச் சொந்தமெல்லாம் கேட்டு வந்தது. கொழுந்தனுக்கு இல்லை என்று சொல்ல வராது. அது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மெல்ல நகரத் தொடங்கிவிடும். முன்னால் நாதஸ்வரக்காரர்கள் முக்குக்கு முக்கு நின்று வாசிப்பார்கள். காலை எடுத்தால் கார் தவில்காரர் மேல் ஏறும். அதனால் ஊர்வலம் முடியும்வரை ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தியபடியே காரை உருட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் கொழுந்தன், ஒருநாள் மாப்பிள்ளையின் நண்பன், ஒருநாள் என் மகள்.

அந்தச் சத்தம் தை நடுவில் தொடங்கியது. வாசலில் கார் நிற்கும்போது கீச்சென்று மெல்லிய கம்பி இழுக்கிற மாதிரி. எனக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. ஏனென்றால் மார்கழியில் என் வெள்ளைக் காரிலும் அதே சத்தம் வந்து, அன்றே வழக்கமான ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன். மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை என் கையில் வைத்துக் காட்டினார். பேடின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு. பேட் தேய்ந்து மெலிந்தால் அந்தத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசும். "இது கெட்டுப்போன சத்தம் இல்ல டீச்சர். மாத்துங்கன்னு கூப்பிடற சத்தம். இதைக் கேட்டுட்டு சும்மா இருந்தா அப்புறம் இரும்பும் இரும்பும்தான்" என்றார். மகள் அன்று என்னோடு வந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் போனும் கையுமாக இருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை என்று நினைத்தேன்.

சிவப்புக் காரின் சத்தத்தைப் பற்றி முதலில் கேட்டவர் பத்திரிகை வைக்க வந்திருந்த உறவினர். கொழுந்தன் சிரித்தார். "ரேஸ் கார் பிரேக்கு மாமா. அப்படித்தான் பேசும்." நான் காபி டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீ ஆரம்பிச்சுடாதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்பதை இங்கே மறைத்துப் பயனில்லை. என் மனதில் ஒரு காட்சி இருந்தது. நட்ட நடு ரோட்டில் அந்தக் கார் நின்றுவிடும். கொழுந்தன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். மகள் எனக்குப் போன் செய்வாள். நான் என் வெள்ளைக் காரில் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டு வருவேன். வழியில், இது பிரேக் பேட், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சாதாரணமாகச் சொல்வேன். அந்தக் காட்சியில் அவள் என் பக்கத்து இருக்கையில் போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வருடா வருடம் உராய்வுப் பாடம் நடத்துகிறவள் நான். பிரேக் போனால் கார் நிற்காது, ஓடும் என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

பத்தாம் நாள் மதியம் கொழுந்தன் போன் செய்தார். "அண்ணி, பதறாதீங்க. பாப்பா நல்லா இருக்கா." அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நான் எதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை.

குடவாசல் போகிற வழியில், நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நடந்தது. அறுவடை நேரம். முறை வருவதற்காகக் கொட்டிவைத்த நெல் அம்பாரம் அம்பாரமாகப் பாதிச் சாலைவரை கிடந்தது. மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கொழுந்தன். குறுக்கே டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு திரும்ப, அவள் பிரேக்கை முழுசாக மிதித்திருக்கிறாள். இரும்பு அலறியதே தவிர வேகம் போதுமான அளவு குறையவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்திருக்கிறாள். கார் ஒரு நெல் குவியலில் கண்ணாடிவரை புதைந்து நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.

நான் போனபோது மகள் சாக்கு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் நெல். நெல்லுக்குக் காவல் இருந்த அம்மாள் ஒருவர் டீயை ஆற்றி அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கார் வந்த நேரத்தில் அவர் டீ குடிக்க எதிர்க்கடைக்கு எழுந்து போயிருந்தாராம். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய குடை காருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. "நெல்லை அள்ளிக்கலாங்க. பொண்ணுக்கு ஒண்ணும் ஆவலையே, அது போதும்" என்று என்னைத் தேற்றினார். நான் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவள் ஒரு கையில் டீ, இன்னொரு கை சித்தப்பாவின் கைக்குள். அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது.

காரை இழுத்துக்கொண்டு பாய் ஒர்க்ஷாப்பில் விட்டோம். மறுநாள் சக்கரத்தைக் கழற்றினார். பேடில் தேய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை. வெறும் இரும்புத் தகடு. டிஸ்க் முழுக்க வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஊர்வலக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆட்டோ கியர் வண்டியைப் பிரேக்குலயே நடக்க வெச்சிருக்கீங்க. டிராக்டர் உதிர்த்துட்டுப் போற சேத்து மண்ணு வேற உள்ள போய் உப்புத்தாள் மாதிரி தேச்சிருக்கு. சத்தம் போட்டிருக்குமே?"

"போட்டுச்சு பாய்" என்றார் கொழுந்தன். "எனக்குத்தான் தெரியல. பிள்ளை கையில குடுத்தது என் தப்பு."

மகள் முன்னால், மெக்கானிக் முன்னால், அவ்வளவு நேராகச் சொன்னார். அப்படிச் சொல்ல முடிந்ததற்காகவும் அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் என் காரில் வந்தாள். போன் அவள் மடியில் கவிழ்ந்திருந்தது. நான் ஆசைப்பட்ட காட்சி அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"உனக்கு அந்தச் சத்தம் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஆரம்பிக்காதே என்று நீதானே சொன்னாய் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "உன் சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ பார்க்கணும்னு இருந்தேன்" என்றேன். வீட்டு வாசலில் இறங்கி, கதவை மூடாமல் நின்றாள்.

"எனக்கும் தெரியும்மா. பாய் உன்கிட்ட சொன்னப்ப கேட்டேன். சித்தப்பாகிட்ட சொல்ல நினைச்சேன். சொன்னா உன்னை மாதிரியே பேசறேன்னு சிரிப்பாரோன்னு விட்டுட்டேன்."



புதுப் பேடும் டிஸ்க்கும் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. மாட்டி முடித்ததும், புதுசு பதிய வேண்டும், கொஞ்சம் வேகமெடுத்து மெதுவாகப் பிரேக் பிடித்துப் பத்துத் தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்றார் பாய். கொழுந்தன் சாவியை மகளிடம் கொடுத்தார். அவள் ஒரு முறை காரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். அவர் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, "அண்ணி, நீங்க உட்காருங்க" என்றார்.

புறவழிச் சாலையில் காலியான பகுதியில் அவள் பத்துத் தடவை வேகமெடுத்து, பத்துத் தடவை மெல்ல அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் என் கால் தரைவிரிப்பை மிதித்தது. அவள் பார்த்தாள். "மிதிச்சுக்கோ" என்றாள், அவ்வளவுதான். பத்தாவது தடவையும் எந்தச் சத்தமும் இல்லை.

திரும்பி வந்தபோது கொழுந்தன் ஒர்க்ஷாப் வாசலில் தனியாக நின்றிருந்தார். இப்போது இடமில்லாமல் நிற்பது அவர் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இறங்கி அவரிடம் போனேன்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"திட்டத்தானே போறீங்க? சொல்லுங்க அண்ணி" என்று சிரித்தார்.

மகள் காரைவிட்டு இறங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தே ஒன்பது நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன்.