கட்டுகஸ்தோட்டைக் கல்மேட்டுப் புதினா

புதினா விக்கிறவளுக்கு மூக்கு வேணும். வாங்க வர்றவங்களோ கண்ணை மட்டும்தான் கொண்டு வர்றாங்க. நீங்களும் ஒரு கூடைக்குப் பின்னால உக்காந்து பாத்தவங்கன்னா என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஓட்டல் கிளாக்கர்

கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் வந்த புதுசு. பாலத்துக்கு மேல் பக்கமா, கல்லும் சரளையுமா ஒரு மேட்டுல நான் புதினா போட்டிருந்தேன். நாள் பூரா வெயில். காலையில வேர் நனையுற அளவுக்குத் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. பனி காஞ்ச பிறகு, பூ வைக்கிறதுக்கு முந்தியே கிள்ளிடுவேன். இலை கட்டைவிரல் நகம் அளவுதான். கசக்குனா தெருவுக்கே மணக்கும்.

கண்டியில ஒரு ஓட்டலுக்குத் தினமும் ஒரு கூடை. அதை நம்பித்தான் என் மூணு பிள்ளைங்களும் சாப்பிட்டுச்சுங்க. ஒருநாள் அந்த ஓட்டல் களஞ்சியத்துல சாமான் வாங்கிக் கணக்கெழுதுற கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனுசன், ஆத்தங்கரைத் தோட்டத்துப் புதினா ஒண்ணைத் தூக்கிக் காட்டினார். இலை அவ்வளவு அகலம். "மோந்து பாருங்கய்யா, வாசமே இல்லை"ன்னேன். அவர் மோக்கவே இல்லை. "ஓம், ஓம். மணத்தைத் தட்டில காணேலாது, மரியம்மா. ஒரு மாசத்துக்குள்ள உன்ர இலையும் பெரிசாக வேணும், இல்லாட்டி இனி வராதை."

வீட்டுக்காரரு செஞ்ச உபகாரம்

முடியாதுன்னுட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரருக்குத்தான் பயம். பாத்தியை அவர்கிட்ட விட்டுட்டு, தங்கச்சி பிரசவத்துக்கு ஹேவாஹெட்டைக்குப் போய் மூணு வாரம் இருந்துட்டு வந்து பாத்தா, மனுசன் பாத்தி பூரா மாட்டெருவைக் கொட்டி, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தி, மேல ஓலைப் பந்தலும் போட்டு வச்சிருக்கார்! இலையெல்லாம் பெருத்துக் கிடந்துச்சு. கசக்கினேன். வெறும் புல்லு வாசம். அங்கேயே உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுட்டுப் பந்தலைப் பிரிச்சேன், எல்லாத்தையும் ஒட்ட அறுத்து ஆட்டுக்குப் போட்டேன். அவர் தலையில கையை வச்சுக்கிட்டார். "அடியே, அவங்க கேட்டதைத்தானே நான் வளத்தேன்! நீ யாருக்குத்தான் வளக்குற?"

மடவளை நானா

மாசம் முடிஞ்சது, ஓட்டல் கூடையும் நின்னுபோச்சு. வீட்டுல மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். வெயில்ல திரும்பத் துளிர்த்த சின்ன இலையோட சந்தையில உக்காந்தேன், விடுவேனா!

ஒரு மத்தியானம் அந்த ஓட்டல் சமையல்காரர், மடவளை ஊரு முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர், வேர்க்க விறுவிறுக்க வந்தார். பின்னாலேயே கிளாக்கர். துரைமாருக்கு ஆட்டிறைச்சியோட வைக்கிற புதினாச் சாறுக்கு, பெரிய இலையை ஒரு கூடை அரைச்சும் மணம் ஏறலையாம். தட்டெல்லாம் திரும்பி வந்துடுச்சாம். நானா என் இலையில ரெண்டைக் கசக்கி கிளாக்கர் மூக்குக்கிட்ட நீட்டினார். "அல்லாவே, இதை மோந்துட்டுச் சொல்லுங்க. அது வெறும் பச்சைச் சாயம், இதுதான் புதினா!"

கிளாக்கரின் நிபந்தனை

கிளாக்கர் மோந்தார். நான் சொல்லிட்டேன்: "எரு கிடையாது, நிழல் கிடையாது. அடைமழையில மணம் செத்த நாள்ல கூடையும் கிடையாது. சம்மதம்னா நாளைக்கு வர்றேன்." சந்தையே பாத்துக்கிட்டிருக்கு, அவருக்கு முகம் சிவந்துபோச்சு. "சரி, கொண்டு வா. ஆனா என்ர மானத்துக்காக, கூடைக்கு மேல மட்டும் நாலு பெரிய இலை வை."

அந்த நாலு இலையை நான் இன்னிக்கு வரைக்கும் வைக்கல; ஓட்டலும் இடிஞ்சு விழல.