அவன் அழித்த அறுவடைகள்

எம்.சி.ஏ. கடைசி வருஷத்தில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேஷனும் டேட்டா வேர்ஹவுஸிங்கும் சேர்ந்த ஒரு பாடம். அதற்கு இருவர் இருவராக ஒரு புராஜெக்ட். பல வருஷத் தகவலை ஓரிடத்தில் சேர்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் வரும்படி செய்ய வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவன் மதுரைக்காரன், வகுப்பில் முதல் மார்க். அதை யாரும் மறக்க அவன் விட்டதில்லை.

திராட்சையை வைத்துச் செய்யலாம் என்றது நான்தான். எங்கள் ஊர் கம்பம் பக்கம் சுருளிப்பட்டி. வாராவாரம் ஊருக்குப் போய், பந்தல் பந்தலாக நடந்து, எப்போது கொடியை வெட்டிக் கவாத்து செய்தார்கள், எப்போது பழம் அறுத்தார்கள் என்று கேட்டு எழுதினேன். யாரும் தேதி சொல்லமாட்டார்கள்.

"ஏத்தா, கோயில் திருவிழாவுக்கு மறுநா கவாத்து வெட்டுனோம். எழுதிக்க" என்பார்கள்.

பழைய காலண்டர்களைப் புரட்டி அதைத் தேதியாக்குவேன். மூன்று மாதம் அதிலேயே போனது. எந்தத் தகவல் எந்த அட்டவணையில் என்று வரைந்து கொடுத்ததும் நான்தான்.

அறிக்கை அச்சாகி வந்தபோது, வடிவமைப்பு என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே எனக்கென்று ஒரு வரி: தகவல் தட்டச்சு.

கேட்டேன். "டைப் பண்ணுனது நீதானே? டிசைன், சர்வர்லாம் உனக்குப் புரியாது" என்றான், ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வைவாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒத்திகைக்காக சர்வரைத் திறந்தேன். பாதிக்கு மேல் தகவலைக் காணோம். ஒரே தோட்டம் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று முறை வருவதைப் பார்த்து, நான் தப்பாகத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டதாக முடிவு கட்டி, வருஷத்துக்கு ஓர் அறுவடையை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்திருந்தான். எங்கள் பக்கம் திராட்சை இரண்டு வருஷத்தில் ஐந்து முறை அறுபடும். கம்பம் பஸ்ஸில் ஏறும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் என்னைக்கூடக் கேட்கவில்லை.

முழுத் தகவலும் என்னிடம் சி.டி.யில் இருந்தது. அரைமணி நேரத்தில் திரும்ப ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார் அம்மா. எனக்குப் பூமி வேண்டாம், அந்த வைவா போதும். அந்த இரண்டு நாளும் ஹாஸ்டல் சாம்பார்கூட ருசித்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரையைப் பார்த்தார். "கம்பம் பக்கம் திராட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதானா?"

"ஆமா சார். டூப்ளிகேட் நிறைய இருந்துச்சு. நான்தான் கிளீன் பண்ணுனேன்" என்றான் பெருமையாக.

"இல்ல சார். ரெண்டு வருசத்துல அஞ்சு அறுப்பு. இவர் அழிச்சது டூப்ளிகேட் இல்ல, விளைச்சல்" என்று சி.டி.யை மேசைமேல் வைத்தேன்.

அவன் முகம் வெளுத்துப்போனது. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

தேர்வாளர் சி.டி.யைத் தொடவில்லை. "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

பொய் வாயில் வரவில்லை. "முந்தாநாள் சார்."

"அப்ப டேட்டாவ ரெண்டு பேருமே காப்பாத்தல" என்றவர், இருவருக்கும் பாஸ் மார்க் மட்டும் போட்டார். அவனுக்கு வகுப்பில் முதலிடம் போனது. எனக்கு முதல் வகுப்பே போனது.

அதனால் இரண்டு வேலைகள் கைநழுவின. வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் முகம் வெளுத்த அந்த நிமிஷத்தைக் கொடுத்துவிட்டு முதல் வகுப்பை வாங்கிக்கொள் என்று யாராவது இன்று சொன்னாலும், கொடுக்கமாட்டேன்.