இறுக்கிக் கட்டிய ட்ரெமலோ

1. முறிந்த ஆர்ம்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர், கிட்டார் சர்வீஸ் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்க்ரூ திருகுவதற்கு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. இது அவற்றில் வராத விஷயம்.

ஒருநாள் கடை திறந்த கையோடு ஒருவர் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சாதாரண மாடல். பெயர் இசக்கித்துரை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிக்கும் டெம்போ டிரைவர்.

"எக்கா, இந்தக் கைப்பிடி வேல செய்ய மாட்டேங்குது. இங்கன பாருங்க" என்று ட்ரெமலோ ஆர்மை ஓங்கி அழுத்தினார். மரம் கிரீச்சிட்டது. ஆர்ம், திருகுமரையை உள்ளேயே விட்டுவிட்டு, முறிந்து கையோடு வந்துவிட்டது.

ட்ரெமலோ ஆர்ம் என்பது ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜில் திருகி வைக்கும் வளைந்த இரும்புக் கம்பி. அதை அழுத்தினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், ஸ்ட்ரிங் தளரும், சுரம் இறங்கும். விட்டால் கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. அது ஏன் இந்தக் கிட்டாரில் நடக்கவில்லை?

2. லோடு கட்டுகிற கை

பின்மூடியைக் கழற்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கமான மூன்று ஸ்பிரிங்கோடு, கிட்டாரோடு வந்த பாக்கெட்டில் உபரியாகக் கிடந்த இரண்டையும் சேர்த்து மாட்டியிருந்தார். அவற்றைப் பிடிக்கும் தகட்டின் ஸ்க்ரூவைத் தலை வரை இறக்கியிருந்தார். முன்னால் பிரிட்ஜைப் பிடிக்கும் ஆறு ஸ்க்ரூக்களும் அது அசைய வழியில்லாமல் மரத்தில் புதைந்திருந்தன. போதாததற்கு ஆர்மைக் குறடு வைத்து வேறு முறுக்கியிருக்கிறார்.

"யாரு தம்பி இதச் செஞ்சது?"

"நாந்தான். வாங்குனப்ப எல்லாம் லொடலொடன்னு ஆடிச்சு. லோடு ஆடுனா வளைவுல சரிஞ்சிரும்லா?"

"இது தக்காளிப் பெட்டி இல்ல. இது ஆடத்தான் வச்சிருக்கான்."

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். ஆர்மைக் கழற்றி வைத்துவிடுங்கள், பிரிட்ஜை மரத்தோடு படிய வைத்துத் தருகிறேன், சுதி நிற்கும், முதலில் கை பழகட்டும்.

"அது இல்லேன்னா எனக்குக் கிட்டாரே வேண்டாங்க்கா."

இந்தப் பதில் எனக்குப் புதிது. கற்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஆர்மை எங்கோ தொலைத்துவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள். காரணத்தைக் கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"அப்படி என்னத்த வாசிக்கப் போறீங்க? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

வேறொரு கிட்டாரைக் கொடுத்தேன். வாசித்தார். சுரங்களைப் பிசகாமல்தான் பிடித்தார். ஆனால் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அசையாமல் நின்றது. அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். விரல்கள் விறைத்திருந்தன.

"நான் குத்தாலத்துல சீசன் கச்சேரிக்கு வயலின் வாசிச்சவன். டெம்போ டோர் விரல்ல விழுந்திட்டு. இப்ப அமுக்க முடியுது, அசைக்க முடியல. வயலின்ல சுரத்த விரல்தான் தேடணும். இதுல ஃப்ரெட்டுன்னு குறுக்குக் கம்பி இருக்கு, அமுக்குனா அதுவா நிக்குது. ஆனா கமகம் இல்லியே? அத இந்தக் கைப்பிடி குடுத்திரும்னு ஒரு வீடியோவுல பாத்தேன்."

அவர் இருந்த மெல்லிசைக் குழுவில் பாட்டுக்கு நடுவே வரும் வயலின் பிட்டுகளை இப்போது கீபோர்டுகாரர் வாசிக்கிறாராம். வெள்ளிக்கிழமை ரிகர்சலில் அதில் ஒரு பிட்டைக் கிட்டாரில் வாசித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகக் குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

"இல்லேன்னா?"

"இல்லேன்னா லோடுதான்."

3. மிதக்கும் பிரிட்ஜ்

உள்ளே மாட்டிக்கொண்ட மரைத் துண்டை எதிர்ப்பக்கம் சுற்றும் டிரில் பிட் போட்டு எடுத்தேன். ஆறு ஸ்க்ரூக்களையும் பிரிட்ஜைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தளர்த்தினேன். உபரி ஸ்பிரிங்குகளைக் கழற்றினேன். வழக்கமாக நான் செய்வது போல பிரிட்ஜை மரத்தில் படியவிட்டால் சுரம் கீழே மட்டும்தான் போகும். கமகத்துக்கு மேலேயும் போக வேண்டும். அதற்குப் பிரிட்ஜின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கி மிதக்க வேண்டும்.

"இதுல ஒரு ஆபத்து இருக்கு தம்பி. மேடையில ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மிச்சம் எல்லாமும் சுதி மாறிரும்."

"மாறட்டும். அசையணும்."

ஸ்பிரிங் பக்கம் கொஞ்சம் தளர்த்தினால் சுதி இறங்கும். சுதி ஏற்றினால் பிரிட்ஜ் அதிகமாகத் தூக்கும். இரண்டும் ஒத்துப்போகும் வரை திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது. ஸ்ட்ரிங் வழுக்கிப் போக, கழுத்து முனையிலுள்ள பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன். புது ஆர்மின் மரையில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு சுற்று சுற்றி, விட்ட இடத்தில் நிற்கிற அளவுக்கு மட்டும் திருகினேன்.

முதல் தடவை துரை ஆர்மைத் தொட்டதும் மலைப்பாதையில் லாரி இறங்குவது போல ஒரு ஊளை. இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவரே ஆர்மைத் திருப்பி, வில் பிடிக்கிற மாதிரி சுண்டு விரலை அதன்மேல் லேசாகப் போட்டுக்கொண்டார். அந்தப் பிடியை நான் எங்கும் பார்த்ததில்லை. சுரம் நடுங்கியது, குழைந்தது.

4. வெள்ளிக்கிழமை

ஆர்வம் தாங்காமல் நானும் குற்றாலத்துக்குப் போனேன். ரிகர்சல் நடந்த ஹாலின் ஜன்னல் வழியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளிருக்குச் சுதி கொஞ்சம் ஏறியிருந்தது. துரை பதறாமல் இறக்கிக்கொண்டார்.

பிட்டை வாசித்து முடித்ததும் மாஸ்டர், "அந்தக் கடைசி எடத்த இன்னொருக்க வாசி" என்றார்.

துரை வாசித்தார். மாஸ்டர் கீபோர்டுகாரரைப் பார்த்து, "நீங்க இந்தப் பிட்ட விட்டுருங்க. துரை வாசிக்கட்டும்" என்றார்.

துரை ஸ்ட்ராப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு, கிட்டாரோடு யார் வந்தாலும் அதில் என்ன வாசிக்க ஆசை என்று முதலில் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். அன்றைக்கு என் வழக்கப்படி ஆர்மைக் கழற்றிக் கொடுத்திருந்தால் அந்தக் கிட்டார் சுதி பிசகாமல் இருந்திருக்கும், துரை லோடு ஏற்றப் போயிருப்பார்.