தலைக்கு ஏற்றிய ஒன்றரை மீட்டர்

சுலோசனா அக்கா நோட்டைத் திறந்ததும் விடையை உள்ளங்கையால் மூடிவிடுவார். பிறகுதான் வழிமுறையைப் படிப்பார். நான் அவரிடம் டியூஷன் படித்தபோதும் அப்படித்தான், பல வருடம் கழித்து என் தங்கை ஜீவிதா படித்தபோதும் அப்படித்தான். தப்பான விடைக்குக் கோபப்பட மாட்டார். சரியான விடைதான் அவருக்குச் சந்தேகம். பால் பாக்கெட்டின் தேதியைக்கூட விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குகிறவர்.

மண்டி மொஹல்லாவில் பாத்திரக் கடை மாடியில் டியூஷன். கட்டட வேலைக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அவரை விட்டால் வேறு ஆளில்லை.

அன்றைய வீட்டுப்பாடம் இது: இருபது கிலோ சுமையைத் தலையில் வைத்துச் சமதரையில் பத்து மீட்டர் நடப்பவர், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை எவ்வளவு? சுமை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. விடை பூஜ்யம். ஜீவிதா முந்நூறு ஜூல் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் உட்காருகிற ஹேமந்தும் அதே முந்நூறு. இருவரும் சுமையை ஒன்றரை மீட்டர் உயரம் தூக்கியதாகப் போட்டிருந்தார்கள். கேள்வியில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

"கள்ளி! யாரைப் பார்த்து யாரு எழுதினீங்க?" என்று எல்லார் முன்னும் ஜீவிதாவைக் கேட்டார் அக்கா. "நாளையிலேர்ந்து நீ வர பேடா, வராத."

ஜீவிதாவை அழைத்துவர அப்போதுதான் படியேறியிருந்தேன். அக்கா ஹேமந்தை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டுபோய்த் தனியாக விசாரித்தார்.

"சட்டி தானாவா அக்கா தலைக்கு ஏறும்? தூக்கி வெக்கறப்பதான் எங்கம்மா அய்யோங்கும். நடக்கறப்ப சும்னே போவும், ஒண்ணும் சொல்லாது."

உள்ளே ஜீவிதாவும் அதையேதான் சொன்னாள். "எங்கம்மா உயரத்த டேப் வெச்சு அளந்தேங்க்கா."

எங்கள் அம்மாவும் ஹேமந்தின் அம்மாவும் ஒரே இடத்தில் சிமென்ட் சட்டி தூக்குகிறவர்கள். அந்தக் கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன். சுமை ஏற்கனவே தலையில் இருக்கிறது என்று நம்பித்தான் பூஜ்யம் எழுதினேன். தூக்கி வைத்தது யார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அம்மா அதே வேலைக்குத்தானே போய்க்கொண்டிருந்தாள்?

அக்கா நம்பவில்லை. மறுநாள் சாயங்காலம் டேப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எதுக்கும்மா, ப்ளவுஸ் தெக்கவா?" என்றாள் அம்மா.

"சுவத்துல சாஞ்சு நில்லுங்க. குதிகாலத் தூக்காதீங்க."

அங்கிருந்து ஹேமந்த் வீட்டுக்கும் போனார். இரண்டு அம்மாக்களும் ஒன்றரை மீட்டர், விரற்கடைதான் வித்தியாசம். திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நின்று, "சரி, காப்பி அடிக்கல. அவ வரட்டும். எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்" என்றார்.

ஜீவிதா போனாள். அக்கா அவளை ஒரு மூலையிலும் ஹேமந்தை எதிர்மூலையிலும் உட்காரவைத்து அடுத்த பாடத்தைத் தொடங்கினார். அந்த வருடம் முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஜீவிதா இப்போது காலேஜில் பிஸிக்ஸ் படிக்கிறாள். கூடப் படித்தவர்கள் இன்னும் அவளைக் கள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லார் முன்னும் சொல்கிறேன் என்றதை அக்கா இன்றுவரை சொல்லவில்லை.