ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

என் வலது மணிக்கட்டை வெட்டியவன் என் மச்சான், மனைவியின் தம்பி, திருவதிகைக்காரன். அவர்கள் தோப்பில் முதலில் பழுக்கும் பலா வருஷா வருஷம் அக்கா வீட்டுக்குத்தான் வரும். அந்த வருஷமும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வாசலில் குந்தி, கத்திக்கு எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தான். என் நாக்கில் சனி. "மாட்டுக்குப் போடுறத எனக்குக் கொண்டாந்தியா?" என்று பழத்தை எட்டி உதைத்தேன். பிறந்த வீட்டுச் சீரை உதைத்தால் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். கத்தியை வீசினான். தடுத்த கையில் இறங்கியது. சுளையெல்லாம் ரத்தம்.

போலீசுக்குப் பயந்து, பழம் வெட்டும்போது கை தவறிவிட்டது என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் மனைவி சொன்னாள். தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பெருவிரலுக்குக் கீழே சதை வற்றியது. டீ கிளாஸ் சுட்டதே கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சிதம்பரத்தில் பார்த்த டாக்டரிடமும் அதே பொய். அவர் சிரித்துவிட்டார்.

"வலது கையால கத்தி புடிச்சி வலது கையையே வெட்டிக்கிட்டீங்களா?"

பிறகு விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். "நரம்பு அறுந்திருக்கு. அறுந்த எடத்துக்குக் கீழ இழையெல்லாம் செத்து மக்கிப்போச்சி. உறை மட்டும் காலிக் குழாயா நிக்குது. தெச்சி வுடுறேன். மேலேருந்து புதுசா முளைச்சி அதுல எறங்கி வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தா ஜாஸ்தி."

ஞாயிறுதோறும் மனைவி என் மணிக்கட்டிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வருவாள். சுரீரென்று இழுக்கும் இடம்வரை நரம்பு முளைத்து வந்திருக்கிறது என்று அங்கே பேனாவால் ஒரு கோடு. நான் மறுபடி சோறு பிசைவேன் என்று அவள் கோடு போட்டாள். நானோ அவள் தம்பி கன்னத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். இடது கையால் அறைந்தால் என் ஆத்திரம் தீராது. எந்தக் கையை வெட்டினானோ அந்தக் கையால்தான் அறைய வேண்டும்.

அடுத்த வைகாசியில் அவனே வந்தான், தோளில் முதல் பழத்தோடு. படியேறும் முன் ஓங்கி ஓர் அறை விட்டேன். பழம் விழுந்து பிளந்தது. என் உள்ளங்கை எரிந்தது. விரல் நுனிவரை எரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கன்னம் சிவக்க நின்றவன் என் பக்கத்தில் குந்தினான்.

"கை வலிக்குதா மாமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வலிக்குதுடா மச்சான்," என்றேன். "நல்லா வலிக்குது."